முழங்கை அடிபட்ட பிளேயருக்கு எந்த ஸ்கேன், எப்போ, எதுக்கு? அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் ஸ்போர்ட்ஸ் பிசியோ. கிரிக்கெட், ஈட்டி எறிதல், பேட்மிண்டன், ஜிம்னாஸ்டிக்ஸ், வெயிட்லிஃப்டிங்னு எல்லா பக்கத்துல இருந்தும் முழங்கை வலியோட ஆளுங்க வருவாங்க, பாதி பேர் கையில பெரிய ஃபிலிம் கவர் இருக்கும், ஆனா அந்த ஸ்கேன் எதுக்கு எடுத்தாங்கன்னு கேட்டா தெரியாது. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க ஒண்ணா போட்டிருக்கேன்.

முழங்கை வலிக்குது, நேரா எம்ஆர்ஐ எடுத்துட்டா எல்லாம் தெரிஞ்சிடும்ல?

தெரியாதுங்க. முதல்ல ஒரு டாக்டரோ பிசியோவோ கையைத் தொட்டு பாக்கணும். வலி உள்பக்கமா, வெளிப்பக்கமா, பின்னாடியா, எறியும்போது எந்த கட்டத்துல வருது, கை முழுசா நீளுதா மடங்குதா, நடுவுல லாக் ஆகுதா, சுண்டு விரல் மரத்துப் போகுதா, இதெல்லாம் கேட்டு பாத்தப்புறம் தான் "எனக்கு இது தெரியணும்"னு ஒரு கேள்வி உருவாகும். அந்த கேள்விக்கு எந்த படம் பதில் சொல்லும்னு பாத்து தான் ஸ்கேனைத் தேர்ந்தெடுக்கணும். கேள்வியே இல்லாம எம்ஆர்ஐ எடுத்தா ரிப்போர்ட்ல ஏழெட்டு விஷயம் எழுதி வரும், அதுல எது வலிக்குக் காரணம், எது சும்மா இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. ரெஃபரல் சீட்டுல "முழங்கை வலி"ன்னு மட்டும் எழுதாம "16 வயசு வேகப்பந்து வீச்சாளர், பந்து விடும்போது உள்பக்கம் வலி, 3 வாரமா"ன்னு எழுதச் சொல்லுங்க. படத்தைப் படிக்கிற ரேடியாலஜிஸ்டுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு உதவும்னு அவங்களைக் கேட்டா தெரியும்.

எக்ஸ்ரே பழைய காலத்து சமாச்சாரம், அதுல எலும்பு மட்டும் தானே தெரியும்?

எலும்பு தெரியறதே பெரிய விஷயம். எலும்பு முறிவு, மூட்டு விலகல், ஓரத்துல முள்ளு மாதிரி வளர்ந்த எலும்பு, மூட்டுக்குள்ள உடைஞ்சு சுத்துற துணுக்கு இதெல்லாம் பெரும்பாலும் இதுலயே தெரிஞ்சிடும்.

இன்னொன்னு சொல்றேன், இது ரொம்பப் பேர் கவனிக்காதது. விழுந்து அடிபட்டு கை நீட்ட முடியல, எக்ஸ்ரேல கோடு எதுவும் இல்ல, "நார்மல்"னு அனுப்பிடறாங்க. ஆனா பக்கவாட்டுல எடுத்த படத்துல மேல்கை எலும்போட பின்பக்கம் ஒரு சின்ன கருப்பு நிழல் இருக்கான்னு பாக்கணும். அது கொழுப்பு. சாதாரணமா அது எலும்புப் பள்ளத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும், படத்துல வராது. மூட்டுக்குள்ள ரத்தம் கட்டினா அந்த கொழுப்பை வெளிய தள்ளிடும், அப்ப தான் தெரியும். முன்பக்கம் இருக்கற கொழுப்பும் பாய்மரம் மாதிரி விரிஞ்சு நிக்கும். அடிபட்ட கையில பின்பக்கக் கொழுப்பு தெரிஞ்சா கோடு தெரியலைன்னாலும் உள்ள முறிவு இருக்கலாம்னு எடுத்துக்கிட்டு கையை அசையாம வச்சு, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு திரும்ப எக்ஸ்ரே எடுப்பாங்க. பெரியவங்கன்னா அந்த முறிவு பெரும்பாலும் ரேடியல் ஹெட்ல (முன்கையோட வெளிப்பக்க எலும்பின் மேல் நுனி) இருக்கும், பசங்கன்னா முழங்கைக்குக் கொஞ்சம் மேல இருக்கும்.

பையனுக்கு ஒரு கை தான் வலி, ரெண்டு கையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்றாங்க. காசு புடுங்கறாங்களா?

இல்லங்க, வளர்ற பசங்களுக்கு அப்படி எடுக்கறதுக்கு நியாயமான காரணம் இருக்கு. பெரியவங்க முழங்கை மாதிரி கிடையாது பசங்க முழங்கை. பிறக்கும்போது அந்த மூட்டுல பெரும்பகுதி குருத்தெலும்பு, எக்ஸ்ரேல தெரியாது. அப்புறம் ஆறு இடத்துல எலும்பு மொட்டு ஒவ்வொண்ணா வரும், சுமாரா 1, 3, 5, 7, 9, 11 வயசுல, பொண்ணுங்களுக்கு கொஞ்சம் முன்னாடியே. ஒவ்வொரு மொட்டும் பக்கத்து எலும்போட ஒட்டற வரைக்கும் நடுவுல ஒரு கருப்புக் கோடு இருக்கும், அது வளர்ச்சித் தட்டு. 12 வயசுப் பையன் படத்துல அந்த கோடு நார்மலா, இல்ல எறிஞ்சு எறிஞ்சு விரிஞ்சு போச்சான்னு பாக்க அவனோட இன்னொரு கையை விட நல்ல அளவுகோல் கிடையாது.

இதுல வரிசையும் முக்கியம். உள்பக்க மொட்டு சுமார் 5 வயசுல வரும், அதுக்குப் பக்கத்துல இருக்கற ட்ரோக்ளியா மொட்டு அதுக்கப்புறம் தான் வரும். விழுந்து கை விலகின பையன் படத்துல ட்ரோக்ளியா இடத்துல எலும்பு இருக்கு, உள்பக்க மொட்டு இருக்க வேண்டிய இடம் காலியா இருக்குன்னா உடனே சந்தேகப்படணும், அந்த மொட்டு பிச்சிக்கிட்டு மூட்டுக்குள்ள போய் மாட்டியிருக்கலாம். அப்படி மாட்டியிருந்தா அதை வெளிய எடுத்தே ஆகணும். வரிசை தெரியாதவங்க அதையே ட்ரோக்ளியான்னு நினைச்சு விட்டுடுவாங்க.

அடுத்தது கேபிட்டெல்லம், முழங்கையோட வெளிப்பக்க உருண்டை. பந்து வீசற, ஈட்டி எறியற, கையை ஊனி நிக்கற ஜிம்னாஸ்டிக்ஸ் பசங்களுக்கு டீன் ஏஜ்ல இங்க ஒரு பகுதி எலும்பு நலிஞ்சு போய் மேல இருக்கற குருத்தெலும்போட சேர்ந்து கழண்டு வர ஆரம்பிக்கும், ஆஸ்டியோகாண்ட்ரைட்டிஸ் டிசெகன்ஸ், சுருக்கமா ஓசிடின்னு சொல்வாங்க. ஒரு தடவை ஒரு அப்பா 13 வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தார், "மூணு மாசமா வலிங்குறான், எக்ஸ்ரே நார்மல் சார், பிராக்டிஸுக்கு டபாய்க்கறான்"னு. பையன் தலை குனிஞ்சு உக்காந்திருந்தான். ரெண்டு கையையும் நீட்டச் சொன்னேன், வலது கை கடைசி பத்து டிகிரி போகல. ஏற்கனவே எடுத்திருந்தது ரெண்டு படம், ஒண்ணு கையை நேரா நீட்டி, ஒண்ணு பக்கவாட்டுல. ஓசிடி இருக்கற இடம் உருண்டையோட முன்பக்கம், நேரா நீட்டி எடுத்தா அது சரியா படத்துல விழாது. சுமார் 45 டிகிரி மடக்கி வச்சு எடுக்கணும். ஆர்த்தோ டாக்டர்கிட்ட பேசி அப்படி எடுத்துப் பாத்தா உருண்டையில கருப்பா ஒரு வட்டம், மிளகு சைஸ். அந்தப் பையன் மூணு மாசம் உண்மையைத் தான் சொல்லிட்டு இருந்தான். அவன் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

இதுக்கப்புறம் தான் எம்ஆர்ஐக்கு உண்மையான வேலை. அந்த துண்டு உக்காந்திருக்கா, ஆடுதா? அதை பாக்கத் தான் எம்ஆர்ஐ. துண்டுக்கும் அடி எலும்புக்கும் நடுவுல மூட்டு நீர் புகுந்து வெள்ளைக் கோடா தெரிஞ்சா, அடியில நீர்க்கட்டி இருந்தா, துண்டு ஆடுதுன்னு அர்த்தம், ஆபரேஷன் பத்தி பேசணும். கோடு இல்ல, வளர்ச்சித் தட்டு இன்னும் திறந்திருக்கு, கை நல்லா மடங்கி நீளுதுன்னா எறியறதை முழுசா நிறுத்தினா நிறைய பசங்களுக்கு தானா ஆறும், மாசக்கணக்குல ஆகும், ஆனா ஆறும். இந்தப் பையனுக்கு துண்டு ஆடல. நிறுத்தி வச்சோம். ஆறு மாசம் கழிச்சு எடுத்த படத்துல அந்த வட்டம் நிரம்பிடுச்சு.

அல்ட்ராசவுண்ட் வயித்துக்குத் தானே? முழங்கைக்கு எதுக்கு?

முழங்கை தோலுக்குப் பக்கத்துலயே எல்லாம் இருக்கற மூட்டு, அதனால அல்ட்ராசவுண்ட்ல டெண்டான் (தசையை எலும்போட இணைக்கற நாண்), ஜவ்வு, நரம்பு எல்லாம் அழகா தெரியும். இன்னொரு பெரிய லாபம், கையை அசைச்சுக்கிட்டே பாக்கலாம். எம்ஆர்ஐல அசையவே கூடாது.

உள்பக்க ஜவ்வு, யூசிஎல்னு சொல்றது, அதை இப்படி தான் பாப்பாங்க: கையை சுமார் 30 டிகிரி மடக்கி, ப்ரோபை (தோல் மேல வைக்கற ஸ்கேன் கருவி) உள்பக்கத்துல வச்சு, இன்னொருத்தர் முன்கையை வெளிப்பக்கமா மெதுவா தள்ளுவார். ஸ்க்ரீன்ல ரெண்டு எலும்பும் ரெண்டு வெள்ளை மேடு மாதிரி இருக்கும், அதுக்கு மேல ஜவ்வு ஒரு பட்டையா ஓடும். தள்ளத் தள்ள நடுவுல இருக்கற இடைவெளி வாய் திறக்கற மாதிரி விரியும். அதை அளந்து அடுத்த கையிலயும் அதே மாதிரி அளந்து பாப்பாங்க, ரெண்டுக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா சந்தேகம் வரும். ஆனா வருஷக்கணக்கா எறியறவங்களுக்கு எறியற கை வலியே இல்லாமலும் கொஞ்சம் அதிகமா விரியும், அதனால நம்பரை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது.

முழங்கையை மடக்கும்போது "டக்"னு ஏதோ தாண்டுது, சுண்டு விரல்ல ஷாக் அடிக்குதுன்னு சொல்றவங்களுக்கும் இது தான் பெஸ்ட். அல்நார் நரம்பு பள்ளத்துல இருந்து எகிறி வெளிய வர்றதை நேரடியா பாக்கலாம். குறை என்னன்னா எல்லாமே ப்ரோப் பிடிக்கற ஆள் கையில இருக்கு. மூட்டு, தசை ஸ்கேன் பழக்கம் உள்ளவரான்னு கேட்டுட்டு போங்க. எலும்புக்குள்ளயும் மூட்டுக்குள்ள ஆழத்துலயும் இதுல தெரியாது.

எம்ஆர்ஐ எடுக்கும்போது என்ன பண்ணுவாங்க? ஏன் குப்புறப் படுக்கச் சொல்றாங்க?

மெஷினோட நடுப்பகுதியில தான் படம் தெளிவா வரும். அதனால குப்புறப் படுத்து கையைத் தலைக்கு மேல நீட்டச் சொல்வாங்க, சூப்பர்மேன் பறக்கற மாதிரி. அரை மணி நேரத்துக்கு மேல அசையாம இருக்கணும். தோள்பட்டை வலியும் இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, மல்லாந்து படுத்து கையைப் பக்கத்துல வச்சும் எடுக்கலாம். நடுவுல கை நடுங்கினா படம் கலங்கிடும், காசும் போச்சு, பதிலும் இல்ல. பேஸ்மேக்கர், உடம்புல பழைய உலோகம் இருந்தா கட்டாயம் சொல்லணும்.

சில சமயம் படத்துல பளிச்சுனு தெரியறதுக்காக மூட்டுக்குள்ள ஒரு மருந்து செலுத்தி எடுப்பாங்க. யூசிஎல்ல உள்பக்கம் மட்டும் பாதி கிழிஞ்சிருந்தா அந்த மருந்து கிழிசலுக்குள்ள புகுந்து எலும்போரமா இறங்கி ஆங்கில எழுத்து டி மாதிரி தெரியும்.

ரிப்போர்ட்ல "யூசிஎல் பார்ஷியல் டியர்"னு வந்திருக்கு. ஆபரேஷன் தானா?

பாதி கிழிசல்னா உடனே கத்தி எடுக்க வேண்டியதில்ல. எங்க கிழிஞ்சிருக்குங்கறது ரொம்ப முக்கியம். மேல்கை எலும்புப் பக்கம் பாதி கிழிசல்னா ஓய்வு, உடற்பயிற்சி வச்சு தேற வாய்ப்பு ஜாஸ்தி. கீழ, முன்கை எலும்புப் பக்கம்னா அந்த வாய்ப்பு கம்மி. இதை எம்ஆர்ஐ காட்டிக் குடுக்கும். முழுசா அறுந்திருந்து, அந்த ஆள் எறியறதையே தொழிலா வச்சிருந்தா வேற பேச்சு. ஜவ்வு நல்ல நிலையில இருந்து ஓரத்துல மட்டும் பிச்சிக்கிட்டிருந்தா அதையே திரும்ப தைக்கலாம். நைஞ்சு போயிருந்தா வேற இடத்துல இருந்து டெண்டான் எடுத்து புதுசா கட்டணும். அது தான் டாமி ஜான் சர்ஜரி. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் பிட்சர் (பந்து வீசறவர்) டாமி ஜானுக்கு டாக்டர் ஃப்ராங்க் ஜோப் 1974 செப்டம்பர்ல முதல் தடவையா பண்ணது. அப்போ எம்ஆர்ஐயே கிடையாது, கையால தொட்டு ஆட்டிப் பாத்து தான் முடிவு பண்ணாங்க. அவர் 1976ல திரும்பி வந்து 1989 வரைக்கும் ஆடினார், ஆபரேஷனுக்கு அப்புறம் மட்டும் 164 மேட்ச் ஜெயிச்சார்.

பந்தும் வீசி பேட்டும் பிடிக்கற ஜப்பான் பேஸ்பால் பிளேயர் ஷோஹெய் ஓடானி கதை இன்னும் நல்ல பாடம். 2018 ஜூன்ல ஸ்கேன்ல யூசிஎல்ல ரெண்டாம் கிரேடு, அதாவது பாதி கிழிசல்னு வந்துச்சு, உடனே ஆபரேஷன் பண்ணல, பிஆர்பி ஊசி (அவரோட ரத்தத்துல இருந்தே பிரிச்சு எடுக்கறது) போட்டுப் பாத்தாங்க. செப்டம்பர்ல திரும்ப எம்ஆர்ஐ எடுத்தா புதுசா சேதம், அக்டோபர்ல ஆபரேஷன். 2023 ஆகஸ்ட் 23ல ஒரே நாள்ல ரெண்டு மேட்ச், முதல் மேட்ச்ல ரெண்டாவது இன்னிங்ஸ்லயே பந்து வீசறதை நிறுத்திட்டு போனார், இடைவேளையில ஸ்கேன் எடுத்தா திரும்ப யூசிஎல் கிழிசல். ஆனா அன்னிக்கே ரெண்டாவது மேட்ச்ல பேட் பிடிச்சார்! ஏன்னா எறியறதுக்கு அந்த ஜவ்வு மேல வர்ற பாரம் வேற, பேட் வீசறதுக்கு வர்ற பாரம் வேற. செப்டம்பர்ல ரெண்டாவது ஆபரேஷன், 2024 முழுக்க பந்து வீசாம பேட்டிங் மட்டும் பண்ணி 54 ஹோம் ரன், 2025 ஜூன்ல தான் திரும்ப பந்து வீச வந்தார். படத்துல கிழிசல் ஒண்ணு தான், அந்த ஆள் அந்த கையால என்ன செய்யணுங்கறதை வச்சு தான் சிகிச்சை.

நீரஜ் சோப்ராவுக்கும் முழங்கை ஆபரேஷன் தானே?

ஆமா, 2019 மே மாசம் மும்பையில வலது முழங்கைல ஆர்த்ரோஸ்கோபி, அதாவது சின்ன துளை வழியா கேமரா விட்டு பண்ற ஆபரேஷன், பண்ணாங்க. அந்த வருஷம் தோஹா உலக சாம்பியன்ஷிப் போச்சு. 2020 ஜனவரியில தென்னாப்பிரிக்காவுல 87.86 மீட்டர் எறிஞ்சு ஒலிம்பிக்குக்கு தகுதி, 2021 ஆகஸ்ட் 7 டோக்கியோவுல 87.58 மீட்டர், தங்கம்.

ஈட்டி எறியறவங்களுக்குப் பொதுவா என்ன ஆகும்னா, எறியற கடைசி நொடியில முழங்கை பட்டுனு நீளும்போது பின்பக்க எலும்பு நுனி பள்ளத்துல போய் இடிக்கும். ஆயிரக்கணக்குல இடிச்சு அங்க எலும்பு முள்ளு வளரும், சிலது உடைஞ்சு மூட்டுக்குள்ள சுத்தும், கை லாக் ஆகும். இங்க தான் சிடி ஸ்கேன் வருது. எத்தனை துணுக்கு, முன்னாடியா பின்னாடியா, முள்ளு எவ்வளவு பெருசுன்னு முப்பரிமாணத்துல காட்டும், அதை வச்சு சர்ஜன் எந்த பக்கமா துளை போட்டு உள்ள போகணும்னு முன்னாடியே திட்டம் போடலாம். கூடவே எம்ஆர்ஐல யூசிஎல்லையும் பாத்துக்கணும். அந்த பின்பக்க எலும்பும் மூட்டைத் தாங்கிப் பிடிக்குது, ஜவ்வு ஏற்கனவே தளர்ந்திருக்கற கையில எலும்பை ஜாஸ்தியா செதுக்கிட்டா பாரம் முழுக்க ஜவ்வு மேல வந்துடும்.

எக்ஸ்ரே நார்மல், ஆனா பந்தை வேகமா போட்டா எலும்புலயே வலிக்குது?

ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் இருக்கலாம், திரும்பத் திரும்ப பாரம் விழுந்து எலும்புல வர்ற மெல்லிய விரிசல். முதல் ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐல தான் எலும்பு மஜ்ஜையில வீக்கமா தெரியும். இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஜோஃப்ரா ஆர்ச்சருக்கு 2020 தொடக்கத்துல தென்னாப்பிரிக்கா டூர்ல முழங்கை வலி வந்து, ஸ்கேன்ல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்னு தெரிஞ்சு வெளியேறினார், அப்புறம் 2021ல மட்டும் அதே முழங்கைல ரெண்டு ஆபரேஷன். இந்த மாதிரி வலியை ஊசி போட்டு அமுக்கி ஆடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

டென்னிஸ் எல்போவுக்கு ஸ்கேன் வேணுமா?

பெரும்பாலும் வேணாம். வெளிப்பக்க முட்டுல தொட்டா வலி, மணிக்கட்டைத் தூக்கும்போது எதிர்த்து அழுத்தினா வலி, டம்ளர் தூக்கினா வலின்னா கையாலயே கண்டுபிடிச்சிடலாம். முறையா பயிற்சி பண்ணியும் மாசக்கணக்குல தேறலைன்னா அப்போ அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுத்து டெண்டான் கிழிஞ்சிருக்கா, பக்கத்து ஜவ்வும் போயிருக்கா, இல்ல நரம்பு அமுங்குதான்னு பாக்கலாம். சச்சின் டெண்டுல்கருக்கு 2004ல இடது முழங்கைல வந்தது, 2005 மே மாசம் லண்டன்ல ஆபரேஷன், அக்டோபர்ல நாக்பூர்ல இலங்கைக்கு எதிரா 93 அடிச்சு திரும்பி வந்தார். அதைப் பாத்து எல்லாருக்கும் ஆபரேஷன் வேணும்னு நினைச்சுக்காதீங்க, பத்துல எட்டு ஒன்பது பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள ஆபரேஷன் இல்லாமலே குறைஞ்சிடும்.

ஸ்டீராய்டு ஊசி பத்தி ஒண்ணு. போட்டா சில வாரம் சூப்பரா இருக்கும், ஆனா ஒரு வருஷம் கழிச்சு பாத்தா ஊசி போட்டவங்க நிலைமை போடாதவங்களை விட மோசமா இருக்குன்னு ஆராய்ச்சிகள்ல வந்திருக்கு. அல்ட்ராசவுண்ட் பாத்து துல்லியமா போட்டாலும் மருந்து அதே மருந்து தான்.

வெயிட் தூக்கும்போது "பட்"னு சத்தம் கேட்டு பைசெப்ஸ் மேல ஏறிடுச்சு. வெயிட் பண்ணலாமா?

பண்ணாதீங்க! பைசெப்ஸ் டெண்டான் முழங்கைப் பக்கம் அறுந்திருக்கலாம், ரெண்டு மூணு வாரத்துக்குள்ள தைச்சா ஈஸி, லேட் ஆனா தசை சுருங்கி ஒட்டிக்கும். முழுசா அறுந்ததா, பாதியா, எவ்வளவு தூரம் மேல ஏறியிருக்குன்னு எம்ஆர்ஐ அளந்து சொல்லும். கையைத் தலைக்கு மேல மடக்கி, கட்டைவிரல் மேல பாக்கற மாதிரி வச்சு எடுத்தா டெண்டான் முழு நீளமும் ஒரே படத்துல வரும், அப்படி எடுக்க முடியுமான்னு கேளுங்க.

முதல்ல சுளுக்கு எடுக்கறவர்கிட்ட எண்ணெய் போட்டு நீவிட்டு, சரியாகலைன்னா ஸ்கேன் பாக்கலாமே?

இதுக்கு மட்டும் நான் கடுமையா தான் பதில் சொல்வேன். விழுந்து வீங்கின முழங்கையை எக்ஸ்ரே எடுக்காம யாரையும் நீவ விடாதீங்க, நெட்டி எடுக்க விடாதீங்க. அடிபட்ட முழங்கையை அழுத்தித் தேச்சு இழுத்தா சுத்தி இருக்கற தசைக்குள்ளயே எலும்பு வளர ஆரம்பிக்கலாம், மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ்னு பேரு. மூணு நாலு வாரம் கழிச்சு எக்ஸ்ரேல மூட்டு முன்னாடி பஞ்சு மாதிரி வெள்ளையா தெரியும், மாசம் போகப் போக கெட்டியாகும். கை பாதியில நின்னுடும், சாப்பாடு வாய்க்குக் கொண்டு போக முடியாம வந்த கபடி பிளேயர் பையனைப் பாத்திருக்கேன். ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தா போதும்.

திரும்பத் திரும்ப எக்ஸ்ரே, ரேடியேஷன் ஆபத்து இல்லையா?

கை கால் எக்ஸ்ரேல ரேடியேஷன் ரொம்ப ரொம்பக் கம்மி, சுமாரா 0.001 மில்லிசீவெர்ட், நாம சும்மா இருந்தாலே இயற்கையா வருஷத்துக்கு சராசரி 2.4 வாங்கிக்கறோம். சிடி ஸ்கேன்ல இதை விட ஜாஸ்தி வரும், அதனால தேவை இருந்தா மட்டும், முக்கியமா பசங்களுக்கு. அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ ரெண்டுலயும் எக்ஸ்ரே கதிரே கிடையாது.

ரிப்போர்ட்ல கிழிசல்னு இருக்கு, ஆனா எனக்கு வலியே இல்ல?

அப்படியே விடுங்க. வலியே இல்லாம நல்லா ஆடிட்டு இருக்கற பேஸ்பால் பிட்சர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தாலே நிறைய பேருக்கு யூசிஎல் தடிப்பா, மாறிப் போய் தான் இருக்கு. எறியற கை அந்த வேலைக்கேத்த மாதிரி மாறும்.

திரும்ப ஆடறதுக்கு முன்னாடி இன்னொரு எம்ஆர்ஐ எடுக்கணுமா?

எதுக்காக ரெஸ்ட்ல இருந்தீங்கங்கறதைப் பொறுத்தது. ஓசிடி, ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்னா திரும்ப படம் எடுத்து ஆறியிருக்கான்னு பாக்கறது அவசியம், ஏன்னா வலி முன்னாடியே போயிடும், எலும்பு பின்னாடி தான் ஆறும். டென்னிஸ் எல்போவுல இதுக்கு நேர் எதிர், வலியும் பலமும் சரியானப்புறமும் டெண்டான் படத்துல தடிச்சு தான் தெரியும், அதைப் பாத்து பயந்து ஆட்டத்தை நிறுத்தினவங்க உண்டு. யூசிஎல் ஆபரேஷன் ஆனவங்களுக்கு புது ஜவ்வு ரொம்ப நாளைக்கு படத்துல வித்தியாசமா தான் இருக்கும், பிட்சர்னா 12ல இருந்து 18 மாசம் படிப்படியா எறிஞ்சு பாத்து தான் முடிவு.

டாக்டரைப் பாக்கப் போகும்போது என்ன எடுத்துட்டு போகணும்?

ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, படம் வேணும். படம் பதிஞ்ச டிஸ்க்கோ லிங்க்கோ கேட்டு வாங்குங்க, வாட்ஸப்ல ஃபிலிமை ட்யூப் லைட் முன்னாடி பிடிச்சு எடுத்த ஃபோட்டோவுல ஒண்ணும் தெரியாது. பழைய எக்ஸ்ரே இருந்தா அதையும் எடுத்துட்டு போங்க, ஆறு மாசம் முன்னாடி எப்படி இருந்துச்சுங்கறதுக்கு அது ஒண்ணு தான் சாட்சி. பசங்கன்னா வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை பந்துன்னு ஒரு தாள்ல எழுதிட்டு போங்க, ஸ்கூல் டீம், அகாடமி, தெருவுல ஆடறது எல்லாம் சேத்து. வலி எங்கன்னு டாக்டர் கேக்கும்போது நீங்க பதில் சொல்லாம பையனையே ஒரு விரலால தொட்டுக் காட்டச் சொல்லுங்க.